கல்வெட்டு முதல் கணினி வரை

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்பவர்கள் விமானத்தின் உயரத்தை அண்ணாந்து நோக்கி வியக்கின்றனர். அதே விமானத்தின் அடிப்பகுதியைக் குனிந்து நோக்குவோர் மற்றோர் அதிசயத்தைக் காண்பர். அங்கே கருங்கல்லில் வரிவரியாக எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும் பகுதி கணக்கு. எந்த ஊரில் எவ்வளவு நிலம், அந்நிலத்திலிருந்து கோயிலுக்கு எத்தனை கலம் நெல், அந்நெல் யார் யாருக்கு எவ்வளவு என்பன அங்கே விளங்க எழுதப்பட்டுள்ளன. 1010-ஆம் ஆண்டில் அக்கோயிலை நிறைவு செய்த இராசராச சோழன், சொத்துக்கு உரிமை எழுத்தில் இருந்தால்தான் நிற்கும் என்பதை நன்கு அறிந்திருந்தான்.

இன்று நம் டெல்டா விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குச் செல்கையில் சிட்டா, அடங்கல் நகல்களையும் உடன் கொண்டு செல்கிறார். பயிர்க் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டிற்கும் அவையே ஆதாரம். நெல், நிலம், பெயர் என்னும் மூன்றும் அன்று எழுதப்பட்டது போலவே இன்றும் எழுதப்படுகின்றன. எழுதப்படும் பொருள்தான் மாறிவிட்டது. முன்பு கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் இருந்த கணக்கு, இப்பொழுது கணினிக்குள் சென்றுவிட்டது. "கணினியில் ஏறிவிட்டதல்லவா, இனிக் கவலை இல்லை" என்று எண்ணுவோர் சிலர்; "கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது?" என்று ஐயுறுவோர் சிலர். இரு சாராரும் அறிந்து கொள்ளும் பொருட்டு, கணினி எவ்வாறு செய்தியைச் சேமித்து வைக்கிறது, எந்தப் பொருளில் எழுதினால் எவ்வளவு காலம் நிற்கும், நம் ஊர்க்கணக்கைக் காக்க நாம் செய்ய வேண்டுவது யாது என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

கல்லும் செம்பும்

பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், பணிபுரிந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தனர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தனர் என்பவை கூடக் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு வகுக்கப்பட்டிருந்தது. ஊர்களின் நிலத்தைக் கூறும்போது, குடியிருப்பு, குளம், ஊடறுத்துச் சென்ற வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சிய நிலத்தையே வரிக்குரியதாகக் காட்டினர். புறம்போக்கு நிலத்தைத் தனியே காட்டும் இன்றைய 'அ' பதிவேட்டிற்கு இதை முன்னோடி எனலாம்.

கல்லின் சிறப்பு அதன் ஆயுள். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் பட்ட பின்னும் படிக்க முடிகிறது. அதன் குறை, இடம் பெயராமை. தஞ்சையிலுள்ள கல்லை நாகப்பட்டினத்திற்கு எடுத்துச் செல்ல முடியாது. எழுதியதைத் திருத்துவதும் அரிது. எனவே கொண்டு செல்லத் தக்க உரிமை ஆவணங்களுக்குச் செம்பை நாடினர். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய நாட்டரசன் எழுப்பிய புத்த விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அரசன் முதலில் வாய்மொழியாகக் கூறியது ஓலையில் எழுதப்பட்டு, வரிக் கணக்கில் பதியப்பட்டது. அவனுக்குப் பின் அவன் மகன் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். அந்த ஏடுகள் 21. எடை ஏறத்தாழ 30 கிலோகிராம். பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகருக்கு அவை கொண்டு செல்லப்பட்டமையால், லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றன.

இதில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாய்மொழி, ஓலை, கணக்கு, செம்பு என ஒரே ஆணை பல இடங்களில் ஏறியது. எப்பொருளையும் தனித்து நம்பக் கூடாது என்பது அக்காலக் கணக்கரின் நடைமுறை அறிவு.

ஓலையும் தாளும்

அன்றாடக் கணக்கைக் கல்லில் வெட்ட இயலுமா? அதற்குப் பயன்பட்டது பனையோலை. ஓலையை நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியுடன் இலைச்சாறு கலந்து தடவினால் கீறல்கள் கறுத்துத் தெளிவாகத் தெரியும். எழுத்து ஓலையின் மேல் ஒட்டியிராமல், அதற்குள்ளேயே பதிந்திருப்பதால், மை மங்கினாலும் மீண்டும் தடவிப் படிக்கலாம். ஆயினும் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் இருநூறு முந்நூறு ஆண்டுகளில் ஓலை நொறுங்கிவிடும். செல்லும் பூச்சியும் அதற்கு முன்னரே வந்துவிடுவதும் உண்டு. ஆகவே பழைய ஓலை அழியுமுன் புதிய ஓலையில் படியெடுப்பது வழக்கமாயிற்று.

படியெடுக்கப்படாதவை என்னவாயின? பழுதான சுவடிகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டதும், நெருப்பில் இட்டதும் சில ஊர்களில் நடந்திருக்கின்றன. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1855-இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் இதனைத் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார். அவர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒரு படியில் உள்ள பிழை மற்றொரு படியால் திருந்தியது. படிகள் பல இருப்பதன் பயன் இதுவே.

சேர்த்து வைத்தலுக்குத் தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையம் சிறந்த சான்று. நாயக்கர் காலத்தில் தோன்றி, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரால் வளர்ந்து, 1918-இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அங்கே ஓலைகளுக்குப் புல்தைலம் தடவி நெகிழ்வு ஊட்டுவர். வசம்பு, கிராம்பு, மிளகு, கருஞ்சீரகம் முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரம் கூட்டி முடிப்பாக வைத்துப் பூச்சியைத் தடுப்பர். மராட்டியர் காலத்து ஆட்சிக் கணக்குகள் கட்டுக்கட்டாகத் தாளில் அங்கே உள்ளன. அவை மோடி என்னும் எழுத்தில் எழுதப்பட்டவை. தாள் இருக்கிறது; மையும் இருக்கிறது; ஆனால் மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. பொருள் நிலைத்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கும் வகையும் நிலைக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. கணினியைப் பற்றிப் பேசும்போது இதனை நாம் மறக்கலாகாது.

தறி அட்டையும் கணினியின் எழுத்தும்

கணினிக்கு அ, ஆ தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: உண்டு, இல்லை. அவற்றை 1, 0 என்று எழுதுகிறோம். இதனை விளங்கிக் கொள்ளக் கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தின் பட்டுத் தறிகளை எண்ணிப் பார்க்கலாம். ஜக்கார்டு பொருத்திய தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவு நூல் தூக்கப்படும். துளை இல்லாத இடத்தில் தூக்கப்படாது. மாங்காயும் அன்னமும் சேலையில் விழுவது இந்த உண்டு, இல்லை என்னும் வரிசையால்தான். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி இம்முறையைச் செம்மைப்படுத்தினார். துளை அட்டையைக் கொண்டே 1890-இல் அமெரிக்க மக்கட் கணக்கை ஹாலரித் என்பவர் இயந்திரத்தால் கூட்டினார். பின்னர் வந்த கணினிகளும் நெடுங்காலம் துளை அட்டையையே உண்டு வாழ்ந்தன.

இத்தகைய ஓர் உண்டு-இல்லை என்பதற்கு 'பிட்' என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு 'பைட்'. இக்காலத்தில் பெரிதும் வழங்கும் முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள் ஆகும். 'காவிரி' என்னும் சொல்லில் க, கால், வ, கொக்கி, ர, கொக்கி என 6 குறிகள் உள்ளன. ஆகவே அதற்கு 18 பைட்டுகள், அதாவது 144 பிட்டுகள் வேண்டும். 144 இடங்களில் எங்கே உண்டு, எங்கே இல்லை என்று பதித்துவிட்டால் காவிரி அங்கே இருக்கிறாள் என்று பொருள். எந்தப் பொருளில் எவ்வகையால் அதைப் பதிப்பது என்பதில்தான் சேமிப்புச் சாதனங்கள் வேறுபடுகின்றன.

காந்தத்தில் எழுதுதல்

முதல் வகை காந்தம். பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவை நம்மவர் நன்கு அறிவர். நாடாவின் மேல் பூசப்பட்ட பழுப்புநிறப் பூச்சு ஒருவகை இரும்புத் துருவே. அதில் உள்ள நுண்துகள்களை மின்காந்தத்தால் ஒரு திசையில் திருப்பினால் 1 என்றும், மறு திசையில் திருப்பினால் 0 என்றும் ஏறக்குறையக் கொள்ளலாம். 1950-களின் தொடக்கத்தில் கணினிச் செய்தி இவ்வாறு நாடாவில் ஏறியது. நாடாவின் நடுவில் உள்ள செய்தி வேண்டுமாயின் முன்பகுதி முழுவதையும் சுற்றியாக வேண்டும். இக்குறையைப் போக்க 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வட்டத் தட்டுகளில் எழுதும் இயந்திரத்தை வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளே கொண்டன. அதன் வழிவந்த இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்குகிறது. அதைப் போலப் பல இலட்சம் மடங்கு கொள்கிறது.

வன்தட்டு சுழல்கையில், எழுதும் முனை தட்டைத் தொடாமல் அதன் மேல் மிதந்து செல்கிறது. இடைவெளியோ தலைமயிரின் கனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. ஓடும்போது அதிர்ந்தால் முனை தட்டை உரசிவிடும். உரசிய இடத்துச் செய்தி அழியும். நெல் தூசு பறக்கும் கொள்முதல் நிலையத்திலும், மின்சாரம் அடிக்கடி நின்று வரும் அலுவலகத்திலும் இதற்கு ஆபத்து மிகுதி. நல்ல பராமரிப்பிலும் சில ஆண்டுகளுக்கொரு முறை இதனை மாற்றியாக வேண்டும். நாடாவோ குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல பத்தாண்டுகள் நிற்கும். அதனால்தான் பெரிய நிலையங்கள் இன்றும் சேமக் காப்புக்கு நாடாவைக் கைவிடவில்லை.

ஒளியில் எழுதுதல்

இரண்டாம் வகை 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு. தொழிற்சாலையில் அச்சாகும் தகட்டில் நுண்ணிய குழிகள் இருக்கும். லேசர் ஒளி பட்டுத் திரும்பும் வேறுபாட்டைக் கொண்டு குழியையும் சமதளத்தையும் இயந்திரம் பிரித்தறிகிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறுவதற்கு இது உறவு முறை என்றே சொல்லலாம். வீட்டிலும் அலுவலகத்திலும் நாமே எழுதும் தகட்டிலோ குழி இல்லை. லேசர் சூட்டால் நிறம் மாறும் சாயப் பூச்சே உள்ளது. வெயிலில் வைத்தால் சாயம் கெடும், செய்தியும் கெடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1,000 பட்டாக்கள் எனவும், பட்டா ஒன்றுக்கு 1,000 குறிகள் எனவும் கொண்டால், 30 இலட்சம் பைட்டுகள் ஆகும். குறுந்தகடு ஒன்று 70 கோடி பைட்டுகள் கொள்வதால், இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களின் பட்டாக் கணக்கு அதில் அடங்கும். ஆனைமங்கலம் என்னும் ஓர் ஊரின் கொடைக்கு 30 கிலோகிராம் செம்பு. இருநூறு ஊர்களுக்கு 15 கிராம் தகடு! ஆனால், செப்பேட்டைக் கண்ணால் படிக்கலாம். தகட்டைப் படிக்க இயந்திரம் வேண்டும். இன்று விற்கும் கணினிகள் பலவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. பிளாப்பி என்ற சதுரத் தட்டின் கதியும் இதுவே ஆயிற்று. மோடி எழுத்தின் கதை இங்கே திரும்புகிறது.

மின்துகளை அடைத்து வைத்தல்

மூன்றாம் வகையை நாம் எல்லோரும் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். கைப்பேசியிலும், பென் டிரைவிலும், நினைவக அட்டையிலும் இருப்பது 'பிளாஷ்' என்னும் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த மசுவோக்கா என்னும் பொறியாளர் 1984-இல் இதனை உலகுக்கு அறிவித்தார். வயலைச் சுற்றி வரப்பிட்டு நீரைத் தேக்குவது போல, மின்கடத்தாச் சுவரால் சூழப்பட்ட நுண்ணிய அறைக்குள் எலெக்ட்ரான் என்னும் மின்துகள்களை அடைத்து வைப்பதே இதன் முறை. துகள் தேங்கியிருப்பது ஒரு நிலை. இல்லாதது மறு நிலை. சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் அதிர்ச்சியைத் தாங்கும்.

எனினும் வரப்பில் நண்டு வளை போட்டால் நீர் கசிவது போல, எழுதி அழித்து எழுதி அழித்துச் சுவர் தேயும். மின்தொடர்பின்றிப் பல ஆண்டு பெட்டியில் கிடந்தால் மின்துகள்கள் மெல்லக் கசிந்து, செய்தி மறைதலும் கூடும். ஆதலால் பென் டிரைவ் செய்தியை எடுத்துச் செல்லும் வண்டியாகப் பயன்படலாமே தவிர, தலைமுறைக்கு வைக்கும் பெட்டகமாகாது.

'மேகம்' என்று பேசப்படுவது யாது எனப் பலர் வினவுகின்றனர். அது வானத்தில் இல்லை. வேறோர் ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில், காவலோடும் தடையில்லா மின்சாரத்தோடும் வைக்கப்பட்ட வன்தட்டுகளும் பிளாஷ் நினைவகங்களுமே அது. அங்கே ஒரு செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதப்படுவதால், ஒரு தட்டு கெட்டாலும் செய்தி கெடுவதில்லை. பிழை காணவும் வழி செய்துள்ளனர். கணக்கர் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதி, ஓர் எண் தவறினால் கூட்டு ஒவ்வாததைக் கொண்டு கண்டுபிடிப்பார் அல்லவா? அதே போன்று செய்தியோடு சில பிட்டுகளைச் சேர்த்து எழுதி, படிக்கும்போது கணினி சரிபார்க்கிறது.

எது நிலைக்கும்?

கல்லும் செம்பும் நெடுநாள் நிற்கும், கொள்வது சிறிது. ஓலையும் தாளும் நடுத்தரம். காந்தமும் ஒளியும் மின்துகளும் கடல் போலக் கொள்ளும், ஆயுளோ குறைவு. மனிதன் மேலும் மேலும் மிகுதியாக எழுதத் தொடங்கியபோது, எழுதும் பொருளின் ஆயுள் குறைந்துகொண்டே வந்துள்ளது. ஆகவே பொருளின் ஆயுளை நம்பியிராமல், படியெடுக்கும் ஒழுங்கை நம்புவதே அறிவுடைமை. சரசுவதி மகாலில் ஓலைகளைப் பேணிக்கொண்டே, அவற்றை அச்சிலும் நுண்படத்திலும் கணினிப் படிமத்திலும் ஏற்றியது இதனாலேயே. கணினிப் படிமம் வந்துவிட்டது என்று ஓலையை எறிந்துவிடவில்லை.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது ஏட்டுப் பேச்சு அன்று. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப் பேரலையும், 2018 நவம்பரில் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயலும் எத்தனையோ வீடுகளின் கூரையைக் கொண்டு சென்றன. கூரை போன வீட்டில் டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் என்னாகும்? 2015 டிசம்பர் பெருவெள்ளத்தை அடுத்து, இழந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசாங்கம் தனி முகாம்களை நடத்த வேண்டியிருந்தது. நகல் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், மூலப் பதிவு வேறோர் இடத்தில் இருந்ததே. எங்கும் பதிவாகாத உரிமைக்கு எந்த முகாமிலும் நகல் கிடைக்காது. வாய்ச்சொல்லால் குத்தகைக்கு உழுவோர் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே 1969-இல் சட்டம் இயற்றப்பட்டது.

பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. 1979-இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. பின்னர் அவை 'தமிழ்நிலம்' என்னும் கணினி ஏற்பாட்டில் ஏறின. கணினியில் ஏறியபோது எழுத்துப் பிழையும், தகப்பனார் பெயர்ப் பிழையும், உட்பிரிவு எண் பிழையும் உடன் ஏறியிருத்தல் கூடும். கணினி பிழையையும் அப்படியே உண்மையாகக் காக்கும். அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர் நிலத்துக்கு உரியவரே.

நாம் செய்ய வேண்டுவன

1. ஒவ்வொரு குடும்பமும் தன் பட்டா எண், புல எண், உட்பிரிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மூலப் பத்திரம் இருக்கும் இடம் அல்லாத வேறோர் இடத்திலும் வைத்தல் வேண்டும். எண் தெரிந்திருந்தால், இழந்த ஆவணத்திற்கு நகல் பெறுவது எளிது.

2. சிட்டாவையும் 'அ' பதிவேட்டையும் இணையத்தின் வழியே நாமே பார்க்கலாம்; இ-சேவை மையத்திலும் பெறலாம். பசலி ஆண்டு சூன் 30-இல் முடிவதை ஒட்டி ஜமாபந்தி நடைபெறுகிறது. அதற்கு முன் ஆண்டுதோறும் ஒரு முறை பார்த்து, பிழை இருப்பின் அங்கே மனு அளிக்கலாம்.

3. முக்கிய ஆவணங்களுக்கு மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள்கள், ஒன்று வெளியூரில் என்பது கணினி வல்லார் கூறும் விதி. தாளில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று, வெளியூரில் உள்ள மகன் அல்லது மகளிடம் ஒன்று என வைத்தால் விதி நிறைவேறிவிடும். 2015 முதல் வழங்கும் அரசாங்கத்தின் டிஜிலாக்கரையும் பயன்படுத்தலாம்.

4. மூலப் பத்திரத்தை நீர் புகாத உறையில் இட்டு, தரையில் வையாமல் பரண் போன்ற உயரமான இடத்தில் வைத்தல் நன்று. புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் கையில் எடுக்க வேண்டியவற்றுள் அவ்வுறையும் ஒன்று.

5. கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சி மன்றங்களும் தம் கணினிக் கணக்கைக் குறித்த நாளில் படியெடுத்து, வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். எடுத்த படி திறக்கிறதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை புதிய சாதனத்திற்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்மானத்தில் பெயரிட்டு எழுதுக.

6. ஊரில் பழைய ஓலைக் கட்டோ, கணக்குப் புத்தகமோ, செப்பேடோ இருப்பின், அதனைத் தூய்மை செய்ய முயன்று கெடுக்காமல், உள்ளவாறே வைத்து, தொல்லியல் துறைக்கோ சரசுவதி மகாலுக்கோ தெரிவித்தல் நலம்.

குறுவைக்கு விதை வைக்கும் உழவர், வைத்த விதையெல்லாம் ஒரே குதிரில் கொட்டுவதில்லை. ஆண்டுதோறும் விதைத்துப் புது விதையாக்கியே காப்பாற்றுகிறார். ஆவணமும் அவ்வாறே காக்கத் தக்கது. வரும் ஜமாபந்திக்கு முன் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பட்டா எண் எழுதிய ஒரு தாள் ஆயத்தமாக இருக்குமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.